அப்பாவின்ர ஏ40 கார் நம்பர் இஞ்ச விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமோ?

இணுவிலான் (ஹரோ)

எல்லாருக்கும் வணக்கம். இதை எழுதுவமோ விடுவமோ எண்டு ரெண்டு கிழமையா யோசிச்சனான். கார் விசயம் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கிறீங்கள் எண்டபடியால் கேக்கிறன்.

அப்பாவுக்கு வாற மாசியில 84 வயசு. லண்டன் ஹரோவில எங்களோடதான் இருக்கிறார். ஊரில ஹயர் கார் ஓடினவர். யாழ்ப்பாணம் மருதனார்மடச் சந்தியில நிக்கிற கறுத்த ஒஸ்ரின் ஏ40 சொமர்செட், 1971 இல இன்னொராளிட்டை வாங்கினது. நான் பிறக்க முதலே வீட்டுக்கு வந்த கார். நம்பர் ஈ.எல். எண்டு துவங்கும், பிறகு நாலு இலக்கம். ஆச்சி அந்தக் காரை கார் எண்டு சொன்னதை நான் கேட்டதே இல்லை. "ஈ.எல். வருது, தேத்தண்ணியை வை" எண்டுதான் அம்மாவுக்குக் குரல் குடுப்பா.

இளம் பிள்ளையளுக்குத் தெரியாமல் இருக்கும். வாகன நம்பரில சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது 1950களின்ர கடைசியில. 1958 இல அந்த எழுத்துக்கு மேல தார் பூசினதும் கலவரம் வந்ததுமான கதை உங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு வடிவாத் தெரியும். அதுக்கு முன்னம் பதிஞ்ச கார்களுக்கு ஆங்கில எழுத்துத்தான்: சி.வை., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. பழைய கார்களில அந்த எழுத்து அப்பிடியே நிண்டிட்டுது. யாழ்ப்பாணத்தில ஓடின ஏ40, மொறிஸ் மைனர் கனக்கவுக்கு அதுதான்.

90க்குப் பிறகு போரால யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. அப்பா காரை மண்ணெண்ணெயில ஓட்டினவர். ஸ்ராட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல், ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில வைச்சு காபரேற்றருக்குள்ள பீச்சி விடுவார். அந்தப் போத்தலைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. 95 ஐப்பசி 30 இடம்பெயர்வில, யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் வெளிக்கிடேக்க, ஆச்சியையும் அயலில நடக்கேலாத மூண்டு பேரையும் ஏத்திக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினது அந்தக் கார்தான். நான் அப்ப லண்டன். எல்லாம் பிறகு கேட்டதுதான். கொடிகாமத்தில எஞ்சின் இறுகிப்போக ஒரு வளவுக்குள்ள விட்டிட்டு வந்தவர். பிறகு போய்ப் பாக்கேக்க கார் இல்லை. ஆரையும் கேக்கவும் இல்லை.

இஞ்ச வந்து இருபது வருசத்துக்கு மேல. இண்டைக்கும் எங்கயாவது தெருவில ஒரு பழைய கார் நிண்டால் கிட்டப் போய் நிண்டு அவர் கேக்கிற முதல் கேள்வி, "ஓடுதோ?"

இப்ப விசயத்துக்கு வாறன். போன மாசம் மகளுக்கு அவளின்ர பேர் வாற மாதிரி ஒரு நம்பர் பாப்பம் எண்டு கார் நம்பரை மட்டும் தனியா விக்கிற தளங்களைத் தட்டிக்கொண்டு இருந்தனான். சும்மா ஈ.எல். எண்டு போட்டுப் பாத்தன். ஈ.எல். 41 எண்டு துவங்குற எங்கட நம்பர், நாலு இலக்கமும் அப்பிடியே, விலைக்கு நிக்குது. கடைசி ரெண்டு இலக்கத்தையும் நான் இஞ்ச போடேல்லை, குறை நினைக்காதேங்கோ. இங்கிலாந்தில ஈ.எல். எண்டது ஒரு காலத்தில போர்ன்மத் நகரத்துக்குக் குடுத்த எழுத்தாம். கோடையில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற அதே போர்ன்மத். ஒரே எழுத்து, ஒரே இலக்கம், ரெண்டு நாட்டில ரெண்டு கார். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை.

விலை 4,600 பவுண். வற் வரி 920, வாகனம் பதியிற அரச அலுவலகம் டி.வி.எல்.ஏ.யின்ர கட்டணம் 80. எல்லாமா 5,600. என்ர கார் 2018 ரொயோட்டா ஓரிஸ். காரின்ர பெறுமதியில அரைவாசி வருது. அவரின்ர பிறந்தநாளுக்கு வெளிக்கிட்டு வாசலுக்கு வரேக்க அந்த நம்பர் அவருக்கு முன்னால நிக்கவேணும் எண்டதுதான் என்ர நினைப்பு.

மனிசி வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஊர் வீட்டுக் கூரை ஒழுகுது, மகள் செப்ரெம்பரில யூனிக்குப் போறாள், அது ரெண்டும் எனக்கும் தெரியும். அவ கேட்டது ஒண்டுதான்: "மாமாவுக்கு வேணுமோ, உங்களுக்கு வேணுமோ?" எனக்குப் பதில் வரேல்லை.

2018 காருக்கு உந்தப் பழைய நம்பர் போடலாமோ? ஊரில இருந்த மாதிரிக் கறுப்புப் பிளேட்டில வெள்ளை எழுத்துப் போட ஏலுமோ? வாங்கினால் பிறகு என்ன கரைச்சல் வரும்? நீங்கள் என்ர இடத்தில இருந்தால் வாங்குவீங்களோ?

---

மிட்சம் கராஜ்காரன்

அண்ணை, 22 வருசமா கராஜ் வைச்சிருக்கிறன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

போடலாம். கார் உண்மையில இருக்கிற வயசை விடப் புதுசு எண்டு காட்டுற நம்பரைத்தான் போடேலாது. 2018 காருக்கு, 2024 ஐக் காட்டுற 24 எண்டு வாற நம்பர் போடேலாது. உங்கட நம்பரில வருச அடையாளமே இல்லை, 1963க்கு முந்தின சாதி. எந்தக் காருக்கும் போகும். அதாலதான் விலையும் கூட. டி.வி.எல்.ஏ. நேரா விக்கிற நம்பர் 250 பவுணில இருந்து இருக்கு, ஆனா அவை ஒருக்காலும் ஒரு காருக்கும் குடுபடாத நம்பர்கள். உங்கடது போர்ன்மத்தில ஆரோ ஒராளின்ர காரில ஓடித் திரிஞ்ச நம்பர். அதால கைமாறித்தான் வரும்.

கறுப்புப் பிளேட் ஏலாது. 1980 தை முதலாம் திகதிக்கு முன்னம் செய்த, ஹிஸ்ரோறிக் எண்ட பழைய வாகன வகுப்பில பதிஞ்ச வாகனங்களுக்கு மட்டும்தான் அது. உங்கட ஓரிஸுக்கு முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், கறுத்த எழுத்து. எழுத்து 79 மில்லிமீற்றர் உயரம், 50 அகலம், இடைவெளிக்கும் கணக்கு இருக்கு. வடிவுக்காக எழுத்தைத் தள்ளி நெருக்கிப் போட்டால் 1,000 பவுண் வரைக்கும் தண்டம், எம்.ஓ.ரி. எண்ட வருசச் சோதனையிலயும் விழும். நான் விழுத்தியிருக்கிறன், என்ர சொந்த மச்சானின்ர காரையே. உங்கட நம்பருக்கு ரெண்டு எழுத்து, ஒரு இடைவெளி, நாலு இலக்கம். ஒரு வெட்டுக்கொத்தும் தேவையில்லை.

காசு குடுக்க முதல் ஒண்டைக் கேளுங்கோ. நம்பர் இப்ப எங்க நிக்குது? ரிரென்ஷனில, அதாவது காரில பூட்டாமல் ஒராளின்ர பேரில பிடிச்சு வைச்சிருக்கு எண்டால், வி 778 எண்ட உரிமைப் பத்திரம் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கோ. இன்னும் ஒரு காரில நிக்குது எண்டால் அந்தக் காரின்ர பத்திரங்கள் எல்லாம் ஒழுங்கா இருக்கவேணும், நாள் எடுக்கும். மாசிக்கு முதல் வேணும் எண்டால் உதை முதலே கேட்டு வைக்கிறது நல்லம்.

நம்பர் உங்களுக்குச் சொந்தமாகாது எண்டதையும் விளங்கிக்கொள்ளுங்கோ. பாவிக்கிற உரிமையைத்தான் வாங்கிறீங்கள். காரை விக்க முதல் நம்பரைக் கழட்டி உங்கட பேரில ரிரென்ஷனில போட 80 பவுண், பத்து வருசத்துக்கு நிக்கும். மறந்துபோய்க் காரை வித்தால் நம்பரும் அதோட போயிடும்.

வாங்கிறதோ எண்டதில நான் ஒண்டும் சொல்லேல்லை. என்ர அப்பா மினி பஸ் ஓடினவர்.

---

ஈஸ்ட்ஹாம் அக்கா

தம்பி, கராஜ்காரத் தம்பி சொல்லாத ஒண்டு இருக்கு. எனக்கு நடந்தது.

என்ர மனிசனுக்கு ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவரின்ர முதலெழுத்து வாற நம்பர் ஒண்டு வாங்கிக் குடுத்தனான். 400 பவுண் சொச்சம். அவர் செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகும் அந்தக் காரைத்தான் ஓடினனான். ஒருநாள் பின்னால ஒருத்தன் வந்து இடிச்சான். எனக்கு ஒண்டும் இல்லை, கார் றைற்-ஓவ், திருத்திப் பிரயோசனமில்லை எண்டிட்டினம். இன்சூரன்ஸ் கொம்பனி கதைச்ச மாதிரிக் காசு தந்தது, லொறி வந்து காரை ஏத்திக்கொண்டு போச்சுது. நான் வாசலில நிண்டு பாத்தனான். நம்பரும் அதோட போகுது எண்டு எனக்கு அப்ப தெரியாது. ஆறு கிழமை கழிச்சு மகன் கேக்கேக்கதான் விளங்கினது. பிறகு எத்தினை தரம் ஃபோன் அடிச்சும் காரியம் நடக்கேல்லை.

கார் றைற்-ஓவ் எண்டு சொன்ன உடன, காசு வாங்க முதல், நம்பரை நான் வைச்சிருக்கப்போறன் எண்டு அவையளுக்குச் சொல்லவேணும். சொல்லிப்போட்டு உடன கழட்டி ரிரென்ஷனில போடவேணும். இதை ஒரு கடதாசியில எழுதிக் காரின்ர பத்திரத்தோட வையுங்கோ. நீங்கள் இல்லாத நேரத்திலயும் மனிசியோ மகளோ எடுத்துப் பாக்கக்கூடியதா வையுங்கோ.

நம்பர் மாத்தின அண்டைக்கே இன்சூரன்ஸ், வீதிப் பார்க்கிங் பெர்மிற், லண்டனுக்குள்ள ஓடக் கட்டுற யூலெஸ், கஞ்செஷன் சார்ஜ், டாட்ஃபோர்ட் பாலக் கட்டணம், எதில எதில கார் பதிஞ்சிருக்கோ எல்லாத்திலயும் புது நம்பரைப் போடுங்கோ. எங்களுக்கு பெர்மிற் மாத்த மறந்து சொந்த வீட்டு வாசலில ரெண்டு ரிக்கற் விழுந்தது.

வாங்குவீங்களோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் 400 பவுணுக்கு அழேல்லை, தம்பி. அந்த நம்பர் ஆற்றயோ காரில இப்ப ஓடுதோ, இரும்போட நசுங்கிப்போச்சோ எண்டு தெரியாமல் இருக்கிறதுதான். காசு குடுத்து ஒரு ஞாபகத்தை வாங்கினால் அதைக் காவல் காக்கிற வேலையும் சேந்து வருது. அது உங்களால ஏலும் எண்டால் வாங்குங்கோ.

---

க்ரொய்டன் 98

அண்ணா, நான் இஞ்ச பிறந்தனான், தமிழ் எழுத்து கொஞ்சம் பிழைக்கும். அப்பப்பாவுக்குக் காரைநகரில லொறி இருந்தது. அதின்ர நம்பர் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம், கேக்கேல்லை, அவர் 2019 இல மோசம் போயிட்டார். உங்கட அப்பா இருக்கிறார், நம்பரும் இருக்கு. 5,600 பெரிய காசுதான். ஆனா மாசிக்குப் பிறகு மாசி வரும் எண்டு 84 வயசில சொல்லேலாது. நான் எண்டால் வாங்குவன்.

---

ரெடிங் மதுரைக்காரன்

அண்ணே, நான் வேற மாதிரி சொல்றேன், மனசு கஷ்டப்படாதீங்க.

எங்க ஊர்ல கூட்டுத்தொகை ஒன்பது வரணும், அஞ்சு வரணும்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பணம் கட்டி நம்பர் எடுப்பாங்க. எங்க பெரியப்பாவே எடுத்திருக்கார். அதெல்லாம் வரப்போறதை நினைச்சு வாங்குறது. நீங்க வாங்க நினைக்கிறது போனதுக்காக. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு எனக்குப் புரியுது. அதனாலதான் சரியா இருக்கணும்னு தோணுது.

முதல்ல, இதை முதலீடுன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. 2014-ல 25 ஓ-ங்கிற நம்பர் டி.வி.எல்.ஏ. ஏலத்துல 5,18,480 பவுண்டுக்குப் போச்சு, எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. அதை வாங்கினவர் பழைய ஃபெராரி 250-க்காக வாங்கினார். உங்க நாலு இலக்க நம்பரோட விலை உங்களுக்கு மட்டும்தான் 5,600. நாளைக்கே திருப்பி விக்கப் போனா, கட்டின வாட் திரும்பாது, கம்பெனி தன்னோட பங்கையும் எடுத்துக்கும். போன காசுன்னு நினைச்சு வாங்க முடியும்னா வாங்குங்க.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சேன். மண்ணெண்ணெய், அந்த சின்ன பாட்டில், பாலம், எல்லாம் இருக்கு. ஒரு போட்டோ பத்தி ஒரு வரி இல்லை. அந்த நம்பர் 41-தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷமா யாரும் பார்க்காத ஒரு நம்பர். நான் படிச்ச காலேஜ் ரோல் நம்பரை பத்து வருஷமா தப்பாச் சொல்லிட்டு இருந்தேன், சர்ட்டிஃபிகேட் எடுத்துப் பார்த்தப்பதான் ரெண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது தெரிஞ்சது. ஒரு ஆதாரமும் இல்லாம பணம் கட்டாதீங்க. தப்பான நம்பரை அவர் முன்னாடி கொண்டு போய் நிறுத்திட்டீங்கன்னா, அவர் உங்களுக்காகச் சந்தோஷப்படுற மாதிரி இருப்பார். அது உங்களுக்கு வேண்டாம்ணே.

கறுப்பு பிளேட்டும் வெள்ளை எழுத்தும்தான் மனசுல இருக்குன்னா, ரோட்டுல போடாம சுவர்ல மாட்ட எந்த நம்பரை வேணும்னாலும் போர்டா செஞ்சு தருவாங்க. அம்பது பவுண்டுகூட ஆகாது. கார்லதான் வேணுமா, கண்ணுக்கு முன்னாடி இருந்தா போதுமான்னு யோசிங்க.

---

இணுவிலான் (ஹரோ)

எல்லாருக்கும் பெரிய நன்றி. அக்கா, உங்கட கதையை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினனான். அவ அண்டைக்கே பழைய சூட்கேசில இருந்த கார்ப் பத்திரங்களை எல்லாம் எடுத்து ஒரு ஃபைலில போட்டா.

மதுரைத் தம்பி, உண்மையா எனக்கு முதலில கோவம்தான் வந்தது. என்ர வீட்டு வாசலில நிண்ட காரின்ர நம்பர் எனக்குத் தெரியாதோ எண்டு. பிறகு இருந்து யோசிச்சால், என்னட்டை ஒரு படமும் இல்லை. எல்லாம் 95 இல விட்டிட்டு வந்த வீட்டோட போச்சுது. கண்ணை மூடினால் 41 எண்டுதான் தெரியுது, ஆனா அதுக்கு மேல என்னட்டை ஒண்டும் இல்லை.

சின்னக்கா ரொறன்ரோவில இருக்கிறா. அவவின்ர கலியாணம் 1986, மாப்பிளை வீட்டுக்கு அந்தக் காரிலதான் போனவை. அல்பம் அவவிட்டை இருக்கு. கேட்டிருக்கிறன்.

---

இணுவிலான் (ஹரோ)

பத்து நாளா எழுதேல்லை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

படம் வர முதல் நான் அப்பாவிட்டையே கேட்டிட்டன். திடீர்ச் சந்தோசமாக் குடுக்கிறது எண்ட நினைப்பை விட்டிட்டன். பின்னேரம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர். இப்பத்தைய விசயங்கள் அவருக்கு நிக்கிறேல்லை, காலமை என்ன சாப்பிட்டது எண்டு கேட்டால் யோசிப்பார். "அப்பா, எங்கட ஈ.எல். என்ன நம்பர்?" எண்டன். கோப்பையை வைக்கவும் இல்லை. "ஈ.எல். பதினாலு" எண்டு துவங்கி மற்ற ரெண்டையும் சொன்னார்.

நாப்பத்தொண்டு இல்லையோ எண்டன். என்னை ஒருமாதிரிப் பாத்தார். "நான் எழுத்துக் கீறினனான்" எண்டார். பிளேட்டில பெயின்ற் கழண்டால் வருசப் பிறப்புக்கு முதல் தன்ர கையாலதான் வெள்ளை பூசுறவராம். எனக்கு இது தெரியாது. இருபது வருசம் அந்த வீட்டில இருந்திருக்கிறன்.

ரெண்டு நாளில அக்காவின்ர படம் வந்தது. காரின்ர பின்பக்கம். பின் கண்ணாடியில தென்னோலைச் சோடனை, ஜன்னலுக்குள்ளால அக்காவின்ர சேலை நுனி ஒண்டு வெளிய தொங்குது. கீழ கறுப்புப் பிளேட், கையால பூசின வெள்ளை எழுத்து. ஈ.எல். 14.

விக்கிற கொம்பனிக்கு நான் வேண்டாம் எண்டு எழுதிப்போட்டன். மனிசி ஒண்டும் சொல்லேல்லை, ஆனா அண்டைக்கே தமையனுக்கு ஃபோன் எடுத்துக் கூரைக்கு ஆளைப் பாக்கச் சொன்னா. சுவருக்குப் போர்ட் செய்யக் குடுத்திருக்கிறன். எழுத்து அப்பா பூசின மாதிரியே, அந்த 1 கொஞ்சம் சரிஞ்ச மாதிரியே வேணும் எண்டு படத்தை அனுப்பினனான். செய்து தருவினமாம்.

இனி, சரியான நம்பர் விலைக்கு இருக்கோ எண்டு தேடினனோ எண்டு கேப்பீங்கள். தேடினனான். ஒரு தளத்திலயும் இல்லை. டி.வி.எல்.ஏ. தளத்தில நம்பரைப் போட்டால் வாகனத்தின்ர மேக்கும் நிறமும் சொல்லுமெல்லோ, அதில போட்டுப் பாத்தன். நீல நிற வொல்வோ ஒண்டு. ரக்ஸ் கட்டியிருக்கு. எம்.ஓ.ரி. பாஸ். எம்.ஓ.ரி. வரலாற்றில மைல் கணக்கும் கிடக்கு. போன வருசத்துக்கும் இந்த வருசத்துக்கும் இடையில பதினோராயிரம் மைல் கூடியிருக்கு.

ஃபோனைக் கொண்டுபோய் அப்பாவிட்டைக் காட்டினன். எங்கட நம்பர் இஞ்சயும் ஒரு காரில இருக்கு எண்டன். கண்ணாடியைப் போட்டு, கிட்டப் பிடிச்சு, கனநேரம் பாத்தார். படம் ஒண்டும் இல்லை, வெறும் எழுத்துத்தான்.

"ஓடுதோ?" எண்டார்.

"ஓடுது அப்பா. வருசத்துக்குப் பதினோராயிரம் மைல்."

"காணும்" எண்டு ஃபோனைத் திருப்பித் தந்தார்.